சங்கிலியா, கம்பித் தடுப்பா, துண்டுச் சுருளா: வீட்டுக்குள் ஒரு துடிப்பான குட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் மாமனார் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சிப்பிப்பாறை இனத்து நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வயது 10 வாரம். ஒல்லி உடம்பு, காய்ந்த இஞ்சியின் நிறம். மகள் பார்த்த மாத்திரத்தில் சுக்கு என்று பெயர் வைத்துவிட்டாள். எங்களுடையது சென்னையில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. தடுப்பூசித் தொடர் முடியும்வரை, அதாவது 16 வார வயதுவரை, குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம் என்றார் கால்நடை மருத்துவர். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். தெருநாய்கள் நிறைய உலவும் எங்கள் சந்தில் அதை அலட்சியம் செய்ய முடியாது. தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ், ஆட்டோ, மேளச்சத்தம் எல்லாவற்றையும் காட்டுங்கள், பழகும் வயது இதுதான், ஆனால் கால் தரையில் படக்கூடாது என்றும் சொன்னார்.

ஆக, ஆறு வாரம் வீட்டுச் சிறை. யாருக்குச் சிறை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று ஜோடிச் செருப்பு, தினசரிக் காலண்டரில் பாதி மாதம், இணைய மோடத்தின் ஒயர் (நல்ல வேளை, இணைப்பு பிடுங்கியிருந்தது) எல்லாம் போயின.

வாங்கியவை, வீட்டிலேயே செய்தவை, அடுத்தவர் சொன்னவை என்று ஏழெட்டு வழிகளை முயன்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் அளந்தேன். நான் முதுகைத் திருப்பினால் இதனால் ஆபத்து வருமா? இது முடிந்ததும் குட்டி தூங்குகிறதா, என் கணுக்காலைக் கடிக்கிறதா? எத்தனை நிமிடம் விளையாடியது என்பதைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று எனக்குப் புரியவே பத்து நாள் ஆயிற்று.

எங்கே வைப்பது

மாமனாரின் பதில் சங்கிலி. "பகலில் கட்டிப்போடுங்கள் மாப்பிள்ளை, ராத்திரி அவிழ்த்துவிடுங்கள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்த்தோம்." அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஊரில் நாயைக் கட்டுவது வேப்பமரத்தடியில். எதிரே கரிசல்காடு, ஆடு, காக்கை, வண்டி, போகிறவர் வருகிறவர். இங்கே கட்ட முடிந்தது சாப்பாட்டு மேசைக் காலில். அரைமணி நேரத்தில் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, நான் பார்த்தபோது கழுத்து மரத்தோடு ஒட்டியிருந்தது; கத்தக்கூட முடியவில்லை. ஆள் இல்லாத வீட்டில் குட்டியைச் சங்கிலியில் விடும் பேச்சை அன்றோடு முடித்துக்கொண்டோம். நாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புப்பட்டையில் கட்டினால் பத்து நிமிடத்துக்குத் தாங்கும். அவ்வளவுதான் அதன் எல்லை.

அடுத்தது கூண்டு. இரவுக்கு இதற்கு நிகர் இல்லை. நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளே வைத்துப் பழக்கினால் நான்கைந்து நாளில் தானாகவே போய்ச் சுருண்டுகொள்கிறது. உள்ளே விடுமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், கம்பியில் மாட்டிக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தில் மேலே கனத்த போர்வை போடக்கூடாது. பகலில்தான் கூண்டின் குறை தெரிகிறது. குட்டி சிறுநீரை அடக்கும் நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரம். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணிநேரமே உச்சம், விழித்திருக்கும்போது அதுவும் கிடையாது. காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை கூண்டில் அடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர், குட்டிக்குத் தன் படுக்கையிலேயே அசுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்.

கம்பித் தடுப்பு என்பது எட்டு மடிப்புகள் கொண்ட, விரித்தால் வட்டமாகவோ சதுரமாகவோ நிற்கும் வேலி. உள்ளே ஒரு பக்கம் படுக்கை, ஒரு பக்கம் தண்ணீர், எதிர்மூலையில் செய்தித்தாள். குட்டிக்கு நடக்க இடம் இருக்கிறது. அசுத்தம் செய்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுக்கலாம். வழவழப்பான தரையில் வேலியையே தள்ளிக்கொண்டு ஊர்வலம் போகும் என்பது ஒன்றுதான் தொல்லை. ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்தேன், நின்றது.

சமையலறை வாசலுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தடுப்புக் கதவு போட்டோம். இதை ஆடம்பரம் என்று நினைத்தேன், இல்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு நஞ்சு. பாயசத்துக்கு எடுத்துவைத்த உலர்திராட்சை ஒரு கைப்பிடி கீழே கொட்டினால் அது விளையாட்டுக் காரியம் அல்ல. குளியலறை அந்துருண்டையையும் கொசுவிரட்டி திரவக் குப்பியையும் அலமாரிக்கு மேலே ஏற்றினோம். பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் வலை கட்டினோம்; சிப்பிப்பாறையின் தலை ஒடுங்கியது, நாம் நினைக்கிற இடைவெளி அதற்குத் தாராளம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கம்பித் தடுப்பைத்தான் சொல்வேன்.

எதைக் கடிக்கக் கொடுப்பது

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. நான்காம் மாதம் வாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். கடிக்காதே என்று சொல்வது வீண். எதைக் கடிக்கலாம் என்பதை நாம் முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது பதப்படுத்திய தோலை முடிச்சுப்போட்டுச் செய்த எலும்பு. மலிவு, குட்டிக்கும் உயிர். ஒரு மணிநேரம் சத்தமே இல்லை, இதுதான் தீர்வு என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஊறி வழவழவென்று ஆன முடிச்சை அது கழற்றி முழுசாக விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு ஓங்கரிப்புச் சத்தம். எங்கள் அதிர்ஷ்டம், வாந்தியிலேயே வெளியே வந்தது. குடலில் போய் அடைத்திருந்தால் அறுவைச் சிகிச்சை. காலையில் மருத்துவர் அதைத் திட்டியதைவிட என்னைத்தான் அதிகம் திட்டினார்.

மாட்டுக் குளம்பு, மான்கொம்பு வகையறா இதற்கு நேரெதிர்: விழுங்க முடியாது, ஆனால் பல் உடையும். ஒரு எளிய சோதனை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதியவில்லை என்றால் அது குட்டிப் பல்லுக்கு அதிகம். வேகவைத்த ஆட்டெலும்பு, கோழியெலும்பு பற்றிப் பேச்சே வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் அன்பாக நீட்டுவது அதைத்தான்.

இளநீர்க் கூடு பலர் வீட்டில் பிரபலம். வெட்டிய கூட்டைக் கையில் கொடுத்தால் நார் நாராகப் பிய்த்துப் போட்டு அரைமணி நேரம் மெய்மறந்திருக்கிறது. கூடத்தைப் பெருக்க இன்னொரு அரைமணி நேரம். நாரைத் துப்புகிற குட்டிக்குச் சரி, விழுங்குகிற குட்டிக்குக் கூடாது. சுக்கு துப்பும் ஜாதி என்று நம்பினேன். மறுநாள் செய்தித்தாள் மூலையைப் பார்த்தபோது நம்பிக்கை போய்விட்டது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, உறையவைத்த கேரட். முழுக் கேரட்டை ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம், செலவு ஒன்றுமில்லை. கால்மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது, துண்டானதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றொன்று, உள்ளே கூடான கெட்டி ரப்பர் பொம்மை. இந்த வகையில் பெயர்பெற்ற காங் பொம்மை அமெரிக்காவில் பிறந்த கதை வேடிக்கையானது: ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது, ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ஒரு ரப்பர் பாகம் கண்ணில் பட்டதும் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த வடிவம்தான் இன்றும். குட்டிகளுக்கென்று மென்மையான ரப்பரில் தனியாக வருகிறது. போலிகளை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் துளை இருக்க வேண்டும். ஒரே துளை உள்ள பொம்மையில் காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும்.

உள்ளே என்ன அடைப்பது? பீநட் பட்டர் என்பார்கள். சைலிடால் என்ற இனிப்பு கலந்தது என்றால் அது நாய்க்குக் கொடிய நஞ்சு, லேபிளைப் படிக்காமல் தொடாதீர்கள். நான் அடைப்பது உப்பில்லாத, தாளிக்காத தயிர்சாதமும் வேகவைத்த பூசணியும். நன்றாகக் குழைத்து, அடைத்து, ஃப்ரீசரில் ஓர் இரவு. "ஏன்டா, நாய்க்குத் தயிர்சாதத்தை ஐஸ்கட்டியாக்கிக் கொடுக்கிறாய், ஜலதோஷம் பிடிக்காதா?" என்று அம்மா இன்றுவரை கேட்கிறார். பிடிக்கவில்லை. நக்கி நக்கித் தீர்க்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகிறது. நக்குவதே அதை அமைதிப்படுத்துகிறது. பாதியில் கண் சொருகிவிடும். நான் குளிக்கப் போகிற நேரத்துக்குத் துணிந்து விட்டுவிட்டுப் போனது இதை ஒன்றைத்தான்.

காலுக்கு வேலையா, மூக்குக்கு வேலையா

சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். முயலுக்காகவே உருவான உடம்பு. ஆகவே ஓடவிட்டுக் களைக்க வைப்பதுதான் வழி என்று நான் முடிவு கட்டியது இயல்பு. கூடத்தின் ஒரு கோடியிலிருந்து பந்து. அது போதாதென்று குச்சியில் கயிறு, கயிற்று நுனியில் பழைய துணி. அதைத் தரையில் இழுத்தால் சுக்கு வில்லாக வளைந்து பாயும். பார்க்க அழகு. ஆனால் தரை டைல்ஸ். வளைவில் நான்கு கால்களும் நான்கு திசையில் போகும். இரண்டாம் நாள் சோபா காலில் மோதிக்கொண்டு நொண்டியது. வளரும் எலும்புக்கும் மூட்டுக்கும் இந்தச் சறுக்கல் நல்லதல்ல. ஜமக்காளத்தை விரித்து ஓரங்களை சோபாவுக்கு அடியில் செருகிய பிறகு ஓரளவு சரியாயிற்று. அப்படியும் இருபது நிமிட ஓட்டம் முடிந்தால் குட்டி தூங்கவில்லை. மூச்சிரைக்க வந்து என் வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்கியது.

மறுபக்கம், ஈரோட்டுத் துண்டு ஒன்று. தரையில் விரித்து, இரவு உணவிலிருந்தே இருபது உருண்டைத் தீனியைத் தூவி, பாய் போலச் சுருட்டி, நடுவில் ஒரு தளர்ந்த முடிச்சு. முதல்முறை கொடுத்தபோது துண்டைக் கவ்வி உதறிப் பார்த்தது, ஒன்றும் விழவில்லை. அப்புறம் படுத்துக்கொண்டது. முன்கால் இரண்டாலும் சுருளை அமுக்கிக்கொண்டு, மூக்கை மடிப்புக்குள் விட்டு, புஸ் புஸ்ஸென்று ஊதி ஊதி மோப்பம். மூக்கின் ஓரப் பிளவுகள் விரிவதும் சுருங்குவதும் அத்தனை பக்கத்தில் தெரிந்தது. ஒரு உருண்டை கிடைத்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே. பதினைந்து நிமிடம். கடைசி மடிப்பைத் திறந்ததும் அங்கேயே, துண்டின் மேலேயே தாடையை வைத்துத் தூங்கிப்போனது. அரைமணி நேரம் பந்து எறிந்தும் கிடைக்காத தூக்கம்.

கண் வேட்டைக்காரனுக்கே இந்தப் பலன் என்றால், மோப்பத்துக்குப் பேர்போன லாப்ரடார், பீகிள் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. தீனி தேடும் விரிப்பு என்று கடையில் தனியாக விற்கிறார்கள். துண்டு செய்யாத எதையும் அது செய்யவில்லை, துவைப்பதும் கடினம். துண்டிலும் ஒரு எச்சரிக்கை: நூலைப் பிய்த்து விழுங்குகிற குட்டி என்றால் தீனி தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஓட்டத்தை நான் விடவில்லை. துணிக்குச்சியைக் காலையில் ஐந்து நிமிடமாகக் குறைத்து, கடைசியில் துணியைப் பிடிக்கவிட்டு, உடனே துண்டைக் கொடுத்தேன். பிடிக்கவிடுவது அவசியம். லேசர் விளக்கின் கோளாறே அங்கேதான். சுவரில் சிவப்புப் புள்ளியைத் துரத்தும் குட்டிக்குக் கடைசிவரை எதுவும் வாயில் அகப்படாது. சில நாய்கள் பிறகு நிழலையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கூடத் துரத்தத் தொடங்கிவிடும். மைத்துனன் பரிசாகக் கொடுத்ததை மகளின் பள்ளிப் புராஜெக்டுக்குத் தள்ளிவிட்டேன்.

மாலை ஏழு மணி

நான் அதிக நாள் தப்பாகப் புரிந்துகொண்டது இந்த நேரத்தைத்தான். ஏழு மணி ஆனால் சுக்குவுக்குப் பேய் பிடிக்கும். சோபா மேல் ஏறி, இறங்கி, வட்டமடித்து, கையைக் கடித்து, திரையைப் பிடித்துத் தொங்கி. பகல் முழுக்க அடைந்துகிடந்த சலிப்பு என்று நினைத்து இன்னும் பந்து எறிந்தேன், இன்னும் மோசமாயிற்று. இந்த வயதில் குட்டி நாளைக்கு 18 முதல் 20 மணிநேரம் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் மகள், அம்மா, அழைப்புமணி, எதிர்வீட்டுக் குழந்தைகள் என்று மாற்றி மாற்றி எழுப்பிக்கொண்டே இருந்ததில் அதற்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது. தூக்கம் கெட்ட பச்சைக் குழந்தை அழுகிறது; இது கடிக்கிறது. ஒரு மணிநேரம் விழிப்பு, பிறகு தயிர்சாத ரப்பரோடு தடுப்புக்குள், விளக்கை அணைத்து இரண்டு மணிநேரம் யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று சட்டம் போட்டோம். மகள்தான் மிகவும் எதிர்த்தாள். நான்காவது நாள் ஏழு மணிக் கூத்து பாதியாகக் குறைந்தது.

கடைசித் தடுப்பூசி முடிந்து தெருவில் கால் வைத்த வாரத்திலேயே, சுக்கு ஓரடி பின்னால் போய் ஒரே தாவில் கம்பித் தடுப்பைத் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டது. வளர்ந்தால் தோளுயரமே இரண்டடியாகும் நாய்க்கு இரண்டரை அடி வேலி வாங்கியது என் கணக்குப் பிழை. இப்போது அதில் அம்மா துணி காயப்போடுகிறார். துண்டு மட்டும் இன்னும் அதன் உபயோகத்தில் இருக்கிறது. நான் குளித்துவிட்டுத் தேடும்போது பெரும்பாலும் அதன் வாயில்.