டிட்காட் 22-ஆம் எண் டீசல் ரயில்கார்: ஒன்பது ஆண்டுகளாக ஏறி வருபவனின் அனுபவம்

இங்கிலாந்தின் டிட்காட் பார்க்வே நிலையத்தில் இறங்கினால், சுரங்கப்பாதை வழியாகவே ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். எல்லோரும் அங்கே நீராவி எஞ்சின்களைப் பார்க்க வருகிறார்கள். நான் ஒன்பது ஆண்டுகளாகப் போவது பழுப்பும் பாலேட்டு நிறமும் பூசிய ஒற்றைப் பெட்டி ஒன்றுக்காக. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பழைய ரயில் நிறுவனத்தின் 22-ஆம் எண் டீசல் ரயில்கார் அது; இழுக்கத் தனி எஞ்சின் வேண்டாம், தன்னிடமுள்ள டீசல் எஞ்சினாலேயே ஓடும் பெட்டி. 1940-இல் ஸ்விண்டனில் கட்டப்பட்டு, 1962 வரை வேலை பார்த்தது.

முதல் தடவை ஏறியபோது ரயிலில் உட்கார்ந்த உணர்வே வரவில்லை, பழைய பேருந்தில் இருப்பது போலிருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இதில் இருக்கும் இரண்டு எஞ்சின்களும் பேருந்து செய்யும் ஏஇசி நிறுவனத்துடையவை, ஒவ்வொன்றும் 105 குதிரைத்திறன். லண்டன் பேருந்துகளில் இருந்தது போன்ற திரவ ஃப்ளைவீலும் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்துவது), அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளும் கியர்பெட்டியும் இதிலும் உண்டு. கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் சட்டென்று தணியும், ஒரு மூச்சு விடும் நேரம் வண்டி தன் வேகத்திலேயே உருளும், பிறகு மெல்ல இழுக்கும். பழகிய ஓட்டுநர் என்றால் அந்த இடைவெளியே தெரியாது. கை பழகாதவர் என்றால் முதுகு சொல்லிவிடும்.

இருக்கைகள் 48. சன்னல்கள் அகலமானவை, உட்கார்ந்தபடியே இரு பக்கமும் நன்றாகப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குறை என்றால் அதிர்வு. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். டீசல் வாடையும் கொஞ்சம் உள்ளே வரும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் மூத்தது 1933-இல் வந்த 1-ஆம் எண். ஒரே எஞ்சின், 130 குதிரைத்திறன், 69 இருக்கைகள். அதன் வளைந்த உருவத்தைப் பார்த்த மக்கள் 'பறக்கும் வாழைப்பழம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே இரண்டு எஞ்சின் பூட்டிய வண்டிகள் பர்மிங்காமுக்கும் கார்டிஃபுக்கும் இடையே விரைவு ரயிலாக ஓடின. 44 இருக்கைகள், உள்ளேயே சிற்றுண்டி மேடை, வழக்கமான கட்டணத்துக்கு மேல் இரண்டரை ஷில்லிங். கூட்டம் அலைமோதியது, ஆனால் 44 பேருக்கு மேல் இடம் இல்லை. பின்னால் இன்னொரு பெட்டியைக் கோக்கவும் வழியில்லாததால், கடைசியில் அந்தச் சேவை நீராவி ரயிலுக்கே போனது. வண்டி சரியில்லை என்பதால் அல்ல, அளவுக்கு மீறிப் பிடித்துப்போனதால் வந்த தோல்வி அது. இதைப் படித்தபோது எனக்கு மனசு சங்கடப்பட்டது.

அந்தக் குறையை 1937-இல் வந்த 18-ஆம் எண் தீர்த்தது. லாம்போர்ன் கிளைப்பாதையில், பந்தயக் குதிரைகளை ஏற்றும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஓடும்படி கட்டியது அது. அதன் வழி வந்ததுதான் நம் 22-ஆம் எண். தாழ்ந்த கியர் வரிசையில் பாரம் இழுக்கலாம், உயர்ந்த வரிசையில் மணிக்கு 60 மைல் வரை போகலாம். மொத்தம் 38 வண்டிகள் கட்டினார்கள். அவற்றில் சில தீப்பிடித்தே அழிந்தன; ஒன்பதாம் எண் 1945-இல் அப்படிப் போனது.

கிளைப்பாதையில் இந்த வண்டிகளின் அருமை கால அட்டவணையில்தான் தெரியும். நீராவி எஞ்சினுக்கு விடியுமுன்பே நெருப்பு மூட்டி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரி அள்ள ஒருவர், ஓட்ட ஒருவர். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் வேலை வேறு. ரயில்காரின் இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருந்ததால், அவர் பெட்டிக்குள்ளேயே நடந்து மறுமுனைக்குப் போனால் போதும். டிட்காட்டின் குறுகிய பாதையிலும் ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கிறது. நான் அதைப் பார்க்கத் தவறுவதே இல்லை.

மிஞ்சியிருப்பவை மூன்றே. 4-ஆம் எண் ஸ்விண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, 20-ஆம் எண் கென்ட் கிழக்கு சசெக்ஸ் ரயில்வேயிடம் இருக்கிறது, மூன்றாவது இது. எல்லா நாளும் வெளியே வராது, ஓடும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். எஞ்சினுக்கு மேலே வரும் இருக்கையில் உட்காருங்கள். அதிர்வு அதிகம்தான், ஆனால் அந்தக் கியர் மாற்றம் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.