பனியை நீராக்க எந்த அடுப்பு: கேஸா, பெட்ரோலா?

குளிர்கால மலையேற்றத்துக்கு அடுப்பு வாங்கும்போது பலரும் சமையலைத்தான் நினைக்கிறார்கள். ஓடைகள் உறைந்துபோன உயரத்தில் அடுப்பின் முதல் வேலை பனியை உருக்கிக் குடிநீர் தருவது. சமையலுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ பனி 0 டிகிரி நீராக மாறவே சுமார் 365 கிலோஜூல் பிடிக்கும். அந்த நீரை 4,000 மீட்டரின் கொதிநிலையான 87 டிகிரிக்குக் கொண்டுபோக மறுபடியும் கிட்டத்தட்ட அதே அளவு. கோடைக்கால எரிபொருள் கணக்கு இங்கே இரட்டிப்பாவது இதனால்தான். அடுப்பு நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். எனவே எடை, விலை எல்லாவற்றுக்கும் முன்னால், கடுங்குளிரில் விடாமல் எரியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

கேனிஸ்டர் (சிறு கேஸ் உருளை) தலையில் திருகும் அடுப்பு

எடை 100 கிராமுக்குள், திருகினால் எரியும். சிக்கல் கேனிஸ்டருக்குள் இருக்கிறது. உள்ளே இருக்கும் கேஸ் கலவையில், கடல் மட்டத்தில் சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12-இலும், புரோபேன் மைனஸ் 42-இலும் ஆவியாகின்றன. குளிரில் புரோபேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். கனமான பியூட்டேன் அடியில் தங்கும். அதனால்தான் புது கேனிஸ்டர் நன்றாக எரிந்து, பாதியில் சுடர் சுருங்குகிறது. குலுக்கினால் உள்ளே திரவம் சலசலக்கும், எரியத்தான் செய்யாது. போதாக்குறைக்கு, ஆவியாகும்போது கேனிஸ்டரே இன்னும் குளிர்ந்துபோகும்.

உயரம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 5,000 மீட்டரில் ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 27-இல்கூட ஆவியாகும். ஆனால் சுடருக்கு உந்துவிசை வேண்டுமானால் கேனிஸ்டர் அதைவிட ஆறேழு டிகிரியாவது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இரவில் உறங்குபைக்குள் வைத்துக்கொள்வதும், எரியும்போது இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துவதும் நன்றாகவே பலிக்கும். கை பொறுக்காத சூட்டு நீர் மட்டும் கூடாது. காற்றுத் தடுப்பால் இந்த வகையை முழுக்கச் சுற்றி மூடவும் கூடாது. கேனிஸ்டர் சூடேறி வெடிக்கும்.

குழாய் வைத்த கேஸ் அடுப்பு

பர்னரைத் தொட்டு ஓடும் முன்சூடேற்றுக் குழாய் இருந்தால் கேனிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்க்கலாம். அப்போது ஆவிக்குப் பதில் திரவமே பர்னருக்குப் போகிறது. புரோபேனும் பியூட்டேனும் அதே விகிதத்தில் கடைசிச் சொட்டு வரை எரியும். சுமார் மைனஸ் 20 வரை இதை நம்பலாம்.

நேராக வைத்துப் பற்றவைத்து, ஒரு நிமிடம் குழாய் சூடேறிய பிறகு, சுடரைக் குறைத்து மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் எரியாத திரவம் பாய்ந்து தீ ஆளுயரம் எழும். வால்வைத் திருப்பினால் சுடர் சில நொடி தாமதித்தே மாறும். அதற்குள் மேலும் திருப்பிவிடாதீர்கள். அணைக்கும்போது கேனிஸ்டரை முதலில் நிமிர்த்தி, குழாயில் மிஞ்சியது எரிந்து தீர்ந்த பிறகு மூடுங்கள். முன்சூடேற்றுக் குழாய் இல்லாத அடுப்பில் கவிழ்ப்பதை முயன்றே பார்க்கக் கூடாது.

திரவ எரிபொருள் அடுப்பு

இங்கே அழுத்தம் தருவது உங்கள் கை. மைனஸ் 30 ஆனாலும் பம்ப் அடித்தால் எரிபொருள் வரும். குடுவையில் குறியிட்ட அளவுக்கு மேல் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு, 20 முதல் 30 அடி பம்ப் செய்தால் போதும். குடுவை காலியாகக் காலியாக அடிகள் கூடும். பர்னரை முன்சூடேற்ற, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எரிபொருளைப் பர்னர் கிண்ணத்தில் விட்டுக் கொளுத்தி, அது அணையப்போகும் தறுவாயில் வால்வைத் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் மஞ்சள் தீ எழும்பும், பாத்திரம் கரி பிடிக்கும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் அதற்கு இன்னும் நீண்ட முன்சூடு தேவை.

குறைகளும் உண்டு. பம்பின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) கிண்ண வாஷரும் குளிரில் விறைத்துக் கசியும். உயவு எண்ணெய் தடவி, ஒரு ஜோடி உபரியும் எடுத்துச் செல்லுங்கள். ஜெட் (எரிபொருள் பீச்சும் நுண்துளை) அடைத்துக்கொண்டால் ஊசியால் நீக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து எரிபொருள் ஊற்றுகையில் இருக்கிறது. மைனஸ் 20-இலும் உறையாத பெட்ரோல் கையில் பட்டால் நொடிகளில் பனிக்கடி வரும். ஊற்றும்போது எரிபொருள் ஊறாத கையுறை கட்டாயம்.

எடைக் கணக்கு

பனி உருக்கும் நாட்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லி ஒயிட் கேஸ் (பெயரில் கேஸ் இருந்தாலும், இது அடுப்புக்கான சுத்தமான பெட்ரோல் வகைத் திரவம்), அல்லது 150 கிராம் கேஸ் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நால்வர், ஐந்து நாள் என்றால் 4 லிட்டர் திரவம், அல்லது 3 கிலோ கேஸ். 230 கிராம் கேனிஸ்டர்களாக அது ஏறக்குறைய 13. காலி உருளை ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் என்பதால் வெற்றுத் தகரமே இரண்டு கிலோ. இருவர் இரண்டு இரவு மட்டும் என்றால் மூன்று கேனிஸ்டரில் முடியும். பம்பும் குடுவையும் அங்கே வீண் சுமை. குழு பெரிதாகவும் நாட்கள் நீளமாகவும் ஆக, கணக்கு திரவத்தின் பக்கம் சாய்கிறது. தரையில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் என்றால் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் திரவ அடுப்பையே எடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவானவை சில. அடுப்புக்கடியில் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகை வேண்டும். இல்லையேல் அடுப்பு பனிக்குள் புதைந்து சாயும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் நீர் விட்டு, பிறகு இறுகிய பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் பொடிப்பனியைக் கொட்டினால் அடி தீய்ந்து நீரே கருகல் வாடையடிக்கும். மூடிய கூடாரத்துக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் கொல்லும். தலைவலியை உயர நோய் என்று எண்ணிப் படுத்துவிடுவது நடக்கக்கூடியதே என்பதால், வெளியே சமைப்பதுதான் சரி.

பயணிகள் விமானத்தில் கேனிஸ்டரும் போகாது, எரிபொருளும் போகாது. எனவே போய் இறங்கும் இடத்தில் எது கிடைக்கிறது என்று விசாரித்த பிறகே முடிவெடுங்கள். திருகு வால்வு கேனிஸ்டர் கிடைக்காத ஊரிலும் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கிடைக்கும். அதற்குரிய ஜெட்டை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டால் ஆயிற்று.