பின்சக்கர இயக்கக் காரை டோ டாலியில் இழுப்பது: ஹூஸ்டன்–ஃபீனிக்ஸ் சாலையில் சில வருட அனுபவம்

டோ டாலி என்பது காரின் முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்து இழுத்துப்போகும் சின்ன இரண்டு சக்கர வண்டி. அதை வாங்கலாமா என்று யார் கேட்டாலும், உங்கள் காரில் எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஹோண்டா சிவிக் மாதிரி முன்சக்கர இயக்கம் என்றால் இந்தப் பதிவில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. முன்சக்கரங்களை டாலியில் ஏற்றிப் பட்டையை இறுக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுக் கிளம்பலாம். என்னிடம் இருப்பது 2003 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ஐந்து கியர் மேனுவல். இழுப்பது எஃப்-150 பிக்கப். வேலை காரணமாக ஹூஸ்டனுக்கும் ஃபீனிக்ஸுக்கும் மாறி மாறிக் குடிபெயர வேண்டியிருக்கிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். வேலைக்குப் பிக்கப் வேண்டும், மஸ்டாங்கை விற்க மனமில்லை, ஓட்டுவதற்கு நான் ஒருவன்தான். அதனால் டாலி.

"நியூட்ரலில் போட்டால் போதும் சார்" என்று வாடகைக் கடை ஒன்றில் எனக்கே சொன்னார்கள். நம்பாதீர்கள். டாலியில் முன்சக்கரம்தான் மேலே இருக்கும், பின்சக்கரம் தரையில் உருளும். பின்சக்கரம் உருண்டால் டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீண்ட தண்டு) சுற்றும், அது கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டைச் சுற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எண்ணெய் பம்பை ஓட்டுவது எஞ்சின் பக்கம். எஞ்சின் நின்றிருப்பதால் பம்பும் நின்றிருக்கும், உள்ளே உலோகம் மட்டும் காய்ந்து சுழலும். மேனுவல் தப்பிக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அடியில் எண்ணெயில் முங்கி மேலே வாரி இறைப்பது கவுண்டர் ஷாஃப்ட். நியூட்ரலில், எஞ்சின் ஓடாதபோது அது அசையவே அசையாது. பக்கத்துத் தெருவுக்கு மெதுவாக இழுத்துப் போவது வேறு, நாள் முழுக்க நெடுஞ்சாலை வேகத்தில் போவது வேறு. டாலி வாடகைக்கு விடும் யூ-ஹால் நிறுவனமும் தன் டாலியில் பின்சக்கர இயக்கக் கார் ஏற வேண்டுமானால் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றத்தான் சொல்கிறது. பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் பல்சக்கரம் எப்போதும்போல எண்ணெயில் முங்கியே சுற்றும்.

ஆக, ஒவ்வொரு பயணத்துக்கும் காருக்கு அடியில் படுக்க வேண்டும். இதில் ஒரு வரிசை இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிய கார் தானாக டாலியில் ஏறாது, அதனால் முதலில் ஏற்றி, பட்டைகளை இறுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். மஸ்டாங்கில் டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு போல்ட்டுகள், பன்னிரண்டு முனை தலை, 12 மில்லிமீட்டர் சாக்கெட். கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது பொருந்தும் ஃபிளாஞ்ச் தட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வர வாய்ப்பு உண்டு. முன்பக்கம் போல்ட் எதுவும் இல்லை, ஷாஃப்டின் முன்முனையான யோக் கியர்பாக்ஸுக்குள் வழுக்கி நிற்கிறது, பின்னால் இழுத்தால் வந்துவிடும். கூடவே எண்ணெயும் வரும். காரின் மூக்கு டாலியில் உயர்ந்து நிற்பதால் எண்ணெய் முழுக்கப் பின்பக்கம்தான் தேங்கியிருக்கும். உதிரிபாகக் கடையில் பிளாஸ்டிக் அடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் செருகி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி இறுகக் கட்டிவிடுவேன்.

பின்பக்கத்தை மட்டும் கழற்றி ஷாஃப்டைக் கம்பியால் அடியிலேயே கட்டித் தொங்கவிடும் ஆட்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கட்டு அறுந்தால் யோக் வழுக்கி வெளியே வந்து ஷாஃப்ட் சாலையில் விழும், பின்னால் வருபவனின் கதி அவ்வளவுதான். பழைய போர்வையில் சுற்றிப் பிக்கப் பின்னால் போட்டுக்கொள்வதே சரி.

கடைசி வேலை, ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பது. இதை மறந்தால் பின் டயர்கள் தேய்ந்தே போகும். இதற்கென ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டி வைத்திருக்கிறேன்.

ஓட்டும்போது டாலி தொந்தரவு தருவதில்லை. வாடகை டாலி 340 கிலோதான், நாலு சக்கரமும் ஏறும் கார் டிரெய்லர் அதைப் போல மூன்று மடங்கு எடை. மேற்கு டெக்சாஸில் ஐ-10இல் மணிக்கு 80 மைல் வரை அனுமதி இருக்கிறது, ஆனால் டாலியின் சின்ன டயர்களுக்கு அந்த வேகம் ஆகாது. நான் 60க்கு மேல் போவதில்லை. யூ-ஹால் தன் டாலிக்குச் சொல்லும் அளவு 55 மைல். கலிபோர்னியாவுக்குள் நுழைந்தால் எதை இழுத்தாலும் சட்டமே 55தான். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே பட்டைகள் தளரும், ஒருமுறை நிறுத்தி இறுக்கினால் அப்புறம் நிற்கும். எரிபொருளுக்கு நிற்கும்போதெல்லாம் டாலிச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைத் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கிரீஸ் தீர்ந்திருக்கலாம் என்று அர்த்தம். நியூ மெக்சிகோவில் டெமிங்கிலிருந்து லார்ட்ஸ்பர்க் வரை புழுதிக்காற்று வரும் சாலை. எச்சரிக்கைப் பலகை ஒளிர்ந்தால் ஊருக்குள்ளேயே தங்கிவிடுவது உத்தமம்.

உண்மையான தலைவலி பின்னால் எடுப்பது. டாலியுடன் ரிவர்ஸ் எடுக்க முடியாது. கொக்கியில் ஒரு மூட்டு, கார் உட்காரும் தட்டில் இன்னொரு மூட்டு, இரண்டும் சேர்ந்து நொடியில் மடங்கிக்கொள்ளும். முன்சக்கர இயக்கக் கார்க்காரன் முட்டுச்சந்தில் மாட்டினால் காரை இறக்கி ஓட்டிப்போய் ஓரமாக நிறுத்தி, வெறும் டாலியைக் கையால் தள்ளித் திருப்பிவிடுவான். நமக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. ஷாஃப்ட் பிக்கப்பில் கிடக்கும்போது எஞ்சின் உறுமும், கார் நகராது. கியரில் போட்டாலும் நிற்காது, ஹேண்ட் பிரேக் மட்டும்தான் துணை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஒரு மோட்டலின் குறுகிய வளாகத்துக்குள் ராத்திரி நேரத்தில் நுழைந்துவிட்டு, யாரோ ஒரு லாரிக்காரரும் மோட்டல் பையனும் சேர்ந்து தள்ளித்தான் வெளியே வந்தோம். இப்போது நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் டிரக் ஸ்டாப்பில்தான் டீசலோ காபியோ. தங்குமிடத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்கிறேன்.

"காரைத் திருப்பி ஏற்றினால் ஷாஃப்ட் பிரச்சினையே இல்லையே" என்று கேட்பார்கள். கணக்கு சரிதான், பின்சக்கரம் மேலே போய்விடும். ஆனால் எஞ்சின் இருக்கும் கனமான பக்கம் கடைசியில் தொங்கும், கொஞ்சம் வேகமெடுத்தால் மொத்தமும் வால் ஆட்டத் தொடங்கும். தரையில் ஓடும் முன்சக்கரங்களை ஸ்டியரிங் பூட்டு மட்டும் நேராகப் பிடித்து நிற்க வேண்டும், அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. யூ-ஹால் இதை அனுமதிப்பதே இல்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை: பேரிங்குக்குக் கிரீஸ், சர்ஜ் பிரேக்குக்கு (பிக்கப் வேகம் குறைந்தால் தானே பிடிக்கும் டாலி பிரேக்) பிரேக் திரவம், பட்டைகள் வெயிலில் நைந்தால் புதிது. ஷாஃப்ட் போல்ட்டுகளை மாட்டும்போது போல்ட் தளராமல் பிடிக்கும் பூட்டுப் பசையும், சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரென்ச்சும் கட்டாயம், மாட்டி முடித்ததும் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். காரின் பின் டயர்கள் முழுத் தூரமும் ஓடுகின்றன என்பதும் செலவுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? வீட்டுக் கராஜில் சுவரோரம் நிற்கிறது, கார் டிரெய்லருக்கு என்னிடம் இடமில்லை. காருக்கு அடியில் படுப்பதும் எனக்குப் பிடித்த வேலை. வாழ்நாளில் ஒருமுறை வீடு மாற்றுபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நாலு சக்கரமும் ஏறும் டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள், உங்கள் பிக்கப் அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்கும் அதே பதில்தான்.