டீசல் வேன எலக்ட்ரிக்கா மாத்த ஆள் வச்சோம், ஒரு வருஷம் கழிச்சு ரிவ்யூ

எங்களுது டெலிவரி வேலை, மொத்தம் 12 டீசல் வேன். எலக்ட்ரிக்குக்கு மாறலாம்னு ஒரு கம்பெனிய புடிச்சோம், வண்டி விக்கிறவங்க இல்ல, மாறுறதுக்கு பிளான் போட்டு குடுத்து கூடவே நிக்கிறவங்க. பேரு வேணாம், ஏன்னு படிச்சா தெரியும்.

முதல் மீட்டிங்ல எந்த மாடல், எவ்ளோ ரேஞ்சுன்னு நான் கேட்டுட்டே இருக்கேன், அவங்க வண்டி பேச்சையே எடுக்கல, கரண்ட் பில்ல காட்டுங்கன்னாங்க. அப்புறம் எல்லா வேன்லயும் ஜிபிஎஸ் மாட்டி 3 வாரம் ஓட விட்டாங்க. பாத்தா 9 வேன் ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் கூட தாண்டல, நான் என்னமோ 200 ஓடுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். மிச்சம் 3ம் லாங் ட்ரிப், அத இப்ப தொடாதீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. குடுத்த ஃபீஸுக்கு இது ஒண்ணே போதும்.

சார்ஜிங் கணக்கு தான் செம. 7.4 கிலோவாட் சார்ஜர் 9, சாயங்காலம் வந்ததும் எல்லாத்தையும் சொருகுனா 67 கிலோவாட் ஒரே அடியா இழுக்கும், எங்க லைன் தாங்காது. ஒரு வண்டிக்கு தேவையே 28 யூனிட் பக்கம் தான், நாலு மணி நேரத்துல ஏறிடும், அதனால ராத்திரி 10 மணி நேரத்துக்கு சாஃப்ட்வேர் மாத்தி மாத்தி பிரிச்சு விட்டா 30 கிலோவாட்ல முடிஞ்சுது. பெருசா ஃபாஸ்ட் சார்ஜர் வாங்கணும்னு நின்ன ஆளு நான், நல்லவேளை.

டிரைவருங்க முதல் வாரம் ஒரே புலம்பல், ஆக்ஸிலேட்டர்ல கால எடுத்தா வண்டி பின்னாடி இழுக்குதுன்னு. அது ரீஜென், அதாவது கால எடுத்ததும் மோட்டாரே வண்டிய மெதுவாக்கி அந்த சக்திய பேட்டரிக்கு திருப்பி அனுப்புறது, பிரேக் பேடு தேயாததுக்கு காரணமே அதான். ஆனா டயர் சீக்கிரம் தேயுது, பேட்டரி வெயிட்டு அப்படி, அத யாரும் முன்னாடி சொல்லல.

இப்ப கடுப்புக்கு வரேன். அந்த 30 கிலோவாட்டுக்கே எங்க கரண்ட் கனெக்ஷனோட லோட (இழுக்க அனுமதிச்ச அளவ) கூட்டணும், அதுக்கு அப்ளிகேஷன இவங்க வண்டி புக் பண்ணதுக்கப்புறம் தான் போட்டாங்க. வண்டி வந்துருச்சு கனெக்ஷன் வரல, 4 மாசம் வெளிய பப்ளிக் சார்ஜர்ல க்யூல நின்னோம், மிச்சமாகும்னு சொன்ன காசெல்லாம் அங்கயே போச்சு. கேட்டா அது எங்க கைல இல்ல சார்ங்கிறாங்க. அப்ளிகேஷன் எப்ப போடணும்ங்கிறது உங்க கைல தானப்பா இருந்துச்சு?

அஞ்சுக்கு மூணரை. போன வாரம் அந்த 3 டீசலுக்கும் திரும்ப டேட்டா எடுக்கலாமான்னு மெயில் போட்டிருந்தாங்க. வாங்க, ஆனா இந்த தடவ லோடு லெட்டர் கைக்கு வந்தப்புறம் தான் வண்டிக்கு அட்வான்ஸ்னு பதில் போட்டுட்டேன்.