நப்பிப் புண் திரும்பத் திரும்ப வந்தால்: துணியா பம்பஸா, எந்தக் கிறீம்?

திருகோணமலையில் கைப்பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடாத மாதம் இல்லை. பம்பஸ் கட்டுவதால்தான் புண் வருகிறது என்பார் அம்மம்மா. துணி கட்டினால் பிள்ளை நனைந்தபடியே கிடக்கும், அதனால்தான் புண் என்பாள் மகள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிறீமின் பெயரைச் சொல்லுவார், பாமசிக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டுவார். புண் ஆறும். அடுத்த கிழமை அதே இடம் மறுபடி சிவக்கும்.

ஒரு தரம் வந்து போகிற சிவப்பு எதைப் பூசினாலும் அனேகமாக மாறிவிடும். அதனால்தான் ஒவ்வொருவரும் தாங்கள் பூசியதே மருந்து என்று சத்தியம் பண்ணுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற புண்ணில்தான் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரியவரும். கீழே வருவது அந்தப் புண்ணை மனதில் வைத்துச் செய்த ஒப்பீடு.

முதலில் மடிப்பை விரித்துப் பாருங்கள்

கடைக்குப் போக முன்னம் பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் மல்லாக்கக் கிடத்தி, தொடை இடுக்கை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் உள்பக்கம் சுகமாக இருந்து, நப்பி உரசுகிற மேடான இடங்கள் மட்டும் (குண்டி, தொடையின் உட்பக்கம், அடிவயிறு) சிவந்திருந்தால் அது ஈரத்தாலும் உரசலாலும் வந்த புண். மடிப்பின் அடிவரை சிவப்பு இறங்கி, ஓரம் திட்டமாகத் தெரிந்து, அந்த ஓரத்துக்கு அப்பாலும் சின்னச் சின்னப் பருக்கள் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் கன்டிடா என்ற பங்கஸ். நம் பிள்ளைகளின் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கபிலமாகவோ ஊதா கலந்தோ தெரியும். நிறத்தை நம்பாமல் மடிப்பையும் பருக்களையும் நம்புங்கள்.

பங்கஸ் என்று சந்தேகம் வந்தால் வாயையும் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் துடைத்தாலும் லேசில் போகாத வெள்ளைப் படலம் இருந்தால், அதே கன்டிடா மேலும் கீழும் இருக்கிறது. அண்மையில் சளிக்கோ காதுக்கோ அன்ரிபயோற்றிக் பாணி குடித்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும். மருந்து வயிற்றோட்டத்தையும் கொண்டு வரும், பங்கஸை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும்.

ஈரப்புண் வரும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். சலம் மட்டும் தோலை அவ்வளவு கெடுக்காது. மலத்தில் உள்ள கிருமிகள் சலத்தின் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். அது தோலின் இயல்பான புளிப்புத் தன்மையைக் குறைக்க, மலத்தில் உள்ள, புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கிற நொதிகள் உசாராகித் தோலை அரிக்கத் தொடங்கும். ஆகவே இரண்டும் கலந்து எவ்வளவு நேரம் தோலில் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலத்தில் இந்த நொதிகளின் வேகம் குறைவு. சோறு, பருப்பு, பழம் என்று தொடங்கியபின் கூடும். 9 முதல் 12 மாதம் வரைதான் நப்பிப் புண் உச்சத்தில் இருக்கும். பல் முளைப்பதும் அந்த மாதங்களில்தான். "பல்லு முளைக்குது பிள்ளை, அதான் அவிஞ்சிருக்கு" என்று அப்பம்மாமார் சொல்லுவது இதனால்தான். பாவம் பல்லுக்கு இதில் பெரிய பங்கு இல்லை.

துணி நப்பியும் பம்பஸும்

அம்மம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கிற வழக்கில் பாதித் தீர்ப்பு மகளுக்கு. இன்றைய பம்பஸின் நடுவில் சோடியம் பொலிஅக்ரிலேற் என்ற உறிஞ்சும் துகள் இருக்கிறது. அது சலத்தை இழுத்துக் கூழாக்கிப் பிடித்துக்கொள்ளும். தோலை ஒட்டிய பக்கம் ஓரளவு காய்ந்தே இருக்கும். துணி நப்பி சலத்தை உறிஞ்சினாலும் அந்த ஈரத்தைத் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். உடனே மாற்றினால் பரவாயில்லை. ஒழுகக் கூடாது என்று மேலே பிளாஸ்ரிக் காற்சட்டை போட்டால் அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. துணியின் ஈரமும் உண்டு, வெளியேற முடியாத புழுக்கமும் உண்டு.

மற்றப் பாதி அம்மம்மாவுக்கு. துணி கட்டிய பிள்ளை நனைந்தது உடனே தெரியும், மாற்றுவோம். பம்பஸ் ஒழுகாத வரை நமக்குக் கவனம் வராது. பெட்டியில் போட்டிருக்கும் "12 மணித்தியாலம்" சலத்தைப் பற்றிய பேச்சு, மலத்துக்கு அது பொருந்தாது. 2022 நெருக்கடியில் விலை ஏறியபின், பம்பஸ் பாரமாகத் தொங்கும்வரை காத்திருக்கிற வீடுகளும் கூடிவிட்டன. சிக்கனம் பிழை இல்லை, ஆனால் புண் வரும் வழி அது. பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம், மலம் போனால் அந்த நிமிடமே: எதைக் கட்டினாலும் விதி இதுதான்.

இங்கே ஊரின் காலநிலையும் ஒரு கட்சி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும்போது கொடியில் போட்ட நப்பி ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுப்பாகக் காயும். அந்த மாதங்களில் துணிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐப்பசியில் மாரி தொடங்கியதும் கதை மாறும். விறாந்தையில் இரண்டு கதிரைக்கு நடுவே கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் தொங்கியும் விளிம்பு மடிப்பில் ஈரம் நிற்கும். கையில் எடுத்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிரும். அந்த நப்பியைக் கட்டுவதும் நனைந்ததைக் கட்டுவதும் ஒன்று. மாரியில் இரவுக்கும் வெளியில் போகும்போதும் பம்பஸ்தான் சரி என்று நான் சொல்லுவேன், காசு பார்க்கிற வீட்டுக்கும்.

துணிக்கு இன்னொரு பகை, தண்ணீர். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணி சவர். சவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் போடுவோம், அலசினாலும் போகாது. காய்ந்த நப்பி ஒன்றைச் சுத்தமான தண்ணி உள்ள பேசினில் போட்டுக் கையால் கலக்கிப் பாருங்கள். தண்ணி கலங்கினால், நுரை எழும்பினால், அந்த மிச்சம்தான் தினமும் பிள்ளையின் தோலில் ஊறுகிறது. குழாய்த் தண்ணி வருகிற வீடென்றால் கடைசி இரண்டு அலசலை மட்டுமாவது அதில் செய்யலாம். வாசத்துக்குப் போடுகிற கொம்ஃபோர்ட் வகையறாக்களை நப்பிக்குப் போடவே வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் சக்தியையும் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், இரண்டும் இல்லாமல் விடுவது. தண்ணி உள்ளே போகாத விரிப்பின் மேல் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போட்டு, குளித்தபின்னும் மத்தியான நித்திரையிலும் பிள்ளையை அப்படியே விடுங்கள். சேலை தோய்க்க வேண்டிவரும், அவ்வளவுதான் செலவு. திரும்பத் திரும்ப வருகிற புண்ணுக்கு இதற்கு ஈடான கிறீம் கடையில் இல்லை. கிளினிக்கில் மிஸ்ஸிமார் இதைத்தான் முதலில் சொல்லுவார்கள், நாம் கிறீமின் பெயரைத்தான் எதிர்பார்த்துப் போவோம்.

வைப்ஸா, தண்ணியா

தண்ணி. வீட்டில் இருக்கும்போது வைப்ஸுக்குத் தேவையே இல்லை. ஆறிய வெந்நீரும் பஞ்சும் போதும், அல்லது குழாயடியில் கழுவி மெல்லிய துவாயால் ஒற்றியெடுப்பது. துடைப்பது அல்ல, ஒற்றுவது. கொழும்புக்கு ரயிலில் போகும்போது வைப்ஸ் கட்டாயம் வேண்டும்தான். வாசனையும் அல்கஹோலும் இல்லாததாகப் பாருங்கள். பெட்டியில் மெதில்ஐசோதயசோலினோன் என்ற, கெடாமல் வைக்கச் சேர்க்கிற இரசாயனத்தின் பெயர் இருந்தால் வாங்காமல் விடுவது நல்லது. ஒவ்வாமைப் புண் தருகிறது என்று அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் அதை 2013ஆம் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்றே அறிவித்தது. அதன்பின் பல கம்பனிகள் அதை விட்டுவிட்டன, எல்லாம் அல்ல.

பூசுகிறவற்றில்

சிங்க் ஒக்சைட் கிறீம்தான் முதலிடம். அது தோலுக்கும் மலத்துக்கும் நடுவே நிற்கிற மறைப்பு, அவ்வளவுதான் அதன் வேலை. சூடோகிறீமில் சிங்க் ஒக்சைட் 15.25 சதவீதம், கடைகளில் 10 முதல் 40 சதவீதம் வரை பலவகை உண்டு. புண் பொங்கி நிற்கும்போது சதவீதம் கூடியது, ஆறியபின் காவலுக்குக் குறைந்தது. பவுடர் போலத் தொட்டுத் தடவினால் பயன் இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத் தோல் மறையப் பூச வேண்டும். அடுத்த மாற்றலில் அதை முழுதாக உரசிக் கழுவவும் கூடாது. மேலே ஒட்டிய மலத்தை மட்டும் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே இன்னொரு பூச்சு. பிள்ளை வீரிடுவது பாதி நேரம் புண்ணால் அல்ல, நாம் தேய்ப்பதால்.

வசிலினும் மறைப்புத்தான், மலிவு, எங்கும் கிடைக்கும். புண் இல்லாத பிள்ளைக்கு இரவில் பூச இது போதும். புண் வந்தபின் சிங்க் ஒக்சைட்டுக்கு அடுத்த இடம். தேங்காயெண்ணெய் அதற்கும் மெல்லியது. தோலுக்கு இதம், ஆனால் ஒரு தரம் சலம் போனால் மறைப்புப் போய்விடும். மஞ்சள், வசம்பு, வேப்பிலை அரைத்தது எல்லாவற்றையும் தோல் உரிந்த இடத்தில் வைக்காதீர்கள். எரியும், கூடவே ஒவ்வாமையும் வரலாம்.

பவுடரை நான் இந்தப் போட்டிக்கே எடுக்கவில்லை. டால்க் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். ஈரத்தில் கட்டிபட்டு மடிப்பில் நின்று உரசவும் செய்யும். போரிக் அமிலம் சேர்ந்த தூள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள். உரிந்த தோல் வழியாக உடம்புக்குள் போனால் அது நஞ்சு.

மடிப்புக்குள் சிவப்பும் பருக்களும் என்றால் மேலே சொன்ன எதுவும் போதாது. பங்கஸைக் கொல்லுகிற குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிறீமோ நிஸ்டற்றினோ வேண்டும். முதலில் அதை மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, அதன் மேல் சிங்க் ஒக்சைட். ஒழுங்கு மாறினால் மருந்து தோலைத் தொடாது. திரும்பத் திரும்ப வருகிறது என்று கொண்டு வரும் புண்களில் கனக்க, சிவப்பு மங்கியதும் மருந்தை நிறுத்தியவைதான். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் நின்ற கன்டிடா, அடுத்த வயிற்றோட்டத்தோடு எழும்பும். டொக்டர் சொன்ன நாள் கணக்கை, தோல் சுகமாகத் தெரிந்தாலும், முடியுங்கள்.

இனி வருவது இந்த அலசலை எழுதவே வைத்த பொருள். ஒரே ரியூப்பில் பங்கஸ் மருந்து, அன்ரிபயோற்றிக், பீற்றாமெதசோன் மூன்றும் கலந்த கிறீம்கள் உண்டு. "தம்பி, பிள்ளைக்கு அடியில புண், ஏதும் தாங்கோ" என்று கேட்டால் சில இடங்களில் இதைத்தான் எடுத்துத் தருவார்கள், டொக்டரின் துண்டு கேட்க மாட்டார்கள். ஒப்பீடு என்று பார்த்தால் இதுதான் வெல்லும்: இரவு பூசினால் விடிய சிவப்பு இல்லை. பீற்றாமெதசோன் வலுவான ஸ்டீரொயிட், அது சிவப்பை அமத்தும். நப்பிக்குள்ளே, மூடிய, ஈரமான, மெல்லிய தோலில் அது பலமடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலியும், வரி விழும்; கனநாள் பூசினால் இரத்தத்தில் கலந்து பிள்ளையின் சொந்த ஹோர்மோன் சுரப்பையும் வளர்த்தியையும் பாதிக்கலாம். நிறுத்தினால் புண் முன்னையதைவிட மூர்க்கமாகத் திரும்பும், மறுபடி அதே ரியூப். வீக்கம் கூடிய புண்ணுக்கு டொக்டர்மார் 1 சதவீத ஹைட்ரோகோட்டிசோனைச் சில நாளைக்கு எழுதுவது உண்டு. அது மென்மையானது, நாள் கணக்கோடு தரப்படுவது. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ரியூப்பின் பின்பக்கத்தில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று இருந்தால் நப்பிக்குள் போகக் கூடாது.

இந்தப் பட்டியலுக்குள் அடங்காதவை

மலவாசலைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற சிவப்பு வளையம் இருந்து, மலம் போகும்போது பிள்ளை துடித்தால் அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியாக இருக்கலாம். பூசி மாறாது, வாய்வழி அன்ரிபயோற்றிக் வேண்டும். கொப்புளம், சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல் எதுவும் இருந்தால் அன்றே காட்டுங்கள். நப்பியோடு வாயைச் சுற்றியும் கைகால் விரல்களிலும் புண் வந்து, வயிற்றோட்டம் நிற்காமல், எடையும் ஏறவில்லையென்றால் உடம்பில் துத்தநாகக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். இது அபூர்வம். கிளினிக் பதிவேட்டில் எடைக்கோடு சரிவதை மிஸ்ஸி சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள்.

மற்றப்படி, சிங்க் ஒக்சைட்டும் காற்றும் மூன்று நாள் ஒழுங்காகக் கொடுத்தும் குறையாத புண்ணைப் பாமசியில் விவரிக்க முடியாது, டொக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். போகும்போது இதுவரை பூசிய ரியூப்கள் எல்லாவற்றையும், முடிந்தவற்றையும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஸ்டீரொயிட் பூசிய புண் தன் உண்மையான உருவத்தைக் காட்டாது; என்ன பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் அவருக்கும் அது பங்கஸா வேறொன்றா என்று பிடிபடும்.