அமேசானா, மெட்டாவா, கூகலா, கிராபா? சிங்கப்பூரில் புராடக்ட் மேனேஜர் நேர்காணல்

தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து அக்காள் மகனுக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் போட்டியிடுவது புராடக்ட் மேனேஜர் வேலைக்கு, அதாவது ஒரு செயலியோ சேவையோ யாருக்காக, எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்கு. “உன் வேலையில் நீ செய்த பெரிய காரியம் ஒன்றைச் சொல்” என்றேன். ஐந்து நிமிடம் அழகாகப் பேசினான். “நாங்கள் முடிவெடுத்தோம், நாங்கள் மாற்றினோம்” என்றே கதை போனது. “நான்” ஒருமுறைகூட வரவில்லை. சுட்டிக்காட்டியதும், “அப்படிச் சொன்னால் தற்பெருமை ஆகாதா மாமா?” என்று கேட்டான். அவனை நான் குறைசொல்ல மாட்டேன், நம் வீட்டு வளர்ப்பு அது. ஆனால் இந்தப் பழக்கம் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவுக்குக் காலை வாருவதில்லை. எங்கே விண்ணப்பிப்பது என்ற கேள்வியை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இந்தப் பழக்கத்தால் அதிகம் அடிவாங்குவது அமேசானில். அங்கே 16 தலைமைத்துவக் கோட்பாடுகள் இருக்கின்றன. நேர்காணல் செய்யும் ஒவ்வொருவரும் அவற்றில் சிலவற்றைப் பிரித்துக்கொண்டு, உங்கள் பழைய அனுபவங்களைத் தோண்டுவார்கள். “நாங்கள்” என்றால், “அதில் நீங்கள் செய்தது என்ன?” என்று அடுத்த நொடியே கேட்பார்கள். ஆள்தேர்வின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேறு குழுவிலிருந்து வரும் ‘பார் ரெய்சர்’ ஒருவரும் இருப்பார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்களைப் பிடித்துப்போன மேலாளராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கூட்டங்களில் ஸ்லைடுகளை ஓட்டாமல், ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் மௌனமாகப் படித்துவிட்டுப் பேசும் நிறுவனம் அது. அதனால் எழுத்துப் பயிற்சி ஒன்றும் வரக்கூடும். நடந்த கதைகள் கைவசம் உள்ளவர்களுக்கும் நிதானமாக எழுதத் தெரிந்தவர்களுக்கும் இதைவிட நியாயமான தேர்வு இல்லை என்பது என் கருத்து. முன்கூட்டியே முழுமையாகத் தயாராக முடிகிற தேர்வும் இதுதான்.

மெட்டாவில் நிலைமை தலைகீழ். தலைமைப் பண்புக்கு ஒரு சுற்று உண்டு என்றாலும், மற்றவற்றில், குறிப்பாகப் பயனரின் தேவையறிந்து சேவையை வடிவமைக்கும் சுற்றிலும் பகுப்பாய்வுச் சுற்றிலும், அந்த இடத்திலேயே உரக்கச் சிந்திக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 45 நிமிடம். “உணவங்காடிக் கடைக்காரர்களுக்கு ஒரு புதிய சேவை வடிவமைக்க வேண்டும்” என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். மருமகன் உடனே செயலி, தள்ளுபடி என்று அடுக்கினான். எதிரே இருந்த தேநீர்க் கடையைக் கவனிக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் கியூஆர் குறியை வருடிப் பணம் செலுத்திவிட்டுத் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். கடைக்கார அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பணம் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, கையும் இல்லை. விடை அங்கிருந்து தொடங்க வேண்டும். யாருக்கு, எந்த நேரத்தில், என்ன சிரமம் என்று பார்த்த பிறகே தீர்வு வர வேண்டும். மனப்பாடம் செய்த சட்டகத்தைக் கொட்டுபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கூகலும் இதே குடும்பம்தான். ஆனால் முடிவை உங்களை வேலைக்கு எடுக்கப்போகும் மேலாளர் மட்டும் எடுப்பதில்லை, நேர்காணல் குறிப்புகளைப் படித்துப் பார்க்கும் குழுவுக்கும் அதில் பங்கு உண்டு. பொறுமை வேண்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கிராப். 2012இல் மலேசியாவில் தொடங்கி, 2018இல் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை வாங்கி, அந்த வட்டாரத்தின் எட்டு நாடுகளில் வாடகை வண்டி, உணவு விநியோகச் செயலியை நடத்தும் நிறுவனம். நேர்காணலில் இப்படிக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: மழை பெய்யும் மாலை ஆறு மணிக்குப் பயண ரத்து கூடிவிட்டது என்றால் ஏன்? ரத்து செய்வது ஓட்டுநரா, பயணியா? தீவு முழுவதுமா, ஒரே வட்டாரத்திலா? அந்த மழையில் நின்று காத்திருந்த உங்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஆனால் ஜகார்த்தாவின் மோட்டார் சைக்கிளையும் ரொக்கப் பணத்தையும் மறந்து சிங்கப்பூரை மட்டும் பேசினால் விடை குறுகிவிடும்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்து ‘காம்பஸ்’ என்ற புள்ளி முறை நடப்பில் உள்ளது. பொதுவாக 40 புள்ளிகள் தேவை. சம்பளம், படிப்பு ஆகியவற்றோடு, அந்த நிறுவனத்தின் நிபுணர்களிலும் நிர்வாகிகளிலும் உங்கள் நாட்டவர் எத்தனை விழுக்காடு என்பதும் கணக்கில் வரும். அதனால் ஒரே ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் புள்ளி இன்னொன்றில் கிடைக்காமல் போகலாம். கடைசிச் சுற்றுவரை காத்திருக்காமல், ஆள்சேர்ப்பு அதிகாரியின் முதல் அழைப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மருமகனுக்கு நான் சொன்ன வரிசை, முதலில் கிராப், பிறகு அமேசான். மெட்டாவுக்கு இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றேன். இப்போது தன் அனுபவங்களை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். “நாங்கள்” வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அந்த இடத்தில் தான் செய்தது என்ன என்று பக்கத்திலேயே எழுதுகிறான்.