மரத்தை எந்த மண்ணோடு இணைப்பது? நிலமாதிரியுடன் மூன்று ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமதளமான மனை கிடைப்பது அரிது. சாட்ஸ்வொர்த் பக்கம் வீடானாலும் கோயிலானாலும் முதலில் மேட்டை வெட்ட வேண்டும், பிறகு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இப்படிப்பட்ட சரிவுகள் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, தட்டையான வரைபடத்தில் தோட்டம் அமைப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு முதல் செடி, பாதை, படி, விளக்கு என எல்லாவற்றையும் முப்பரிமாண நிலமாதிரியோடு, அதாவது மனையின் மேடு பள்ளங்களைக் கணினியில் காட்டும் பரப்போடு, இணைத்தே வரைகிறேன்.

நிலத்தின் மேல் ஒரு பொருளை வைப்பது வேறு, நிலத்தோடு அதை இணைப்பது வேறு. மென்பொருள் வாங்குமுன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிவில் 3டி என்ற வரைபட மென்பொருளில் பிளாக்குகளை (மரம், விளக்கு போன்றவற்றின் ஆயத்தச் சின்னங்களை) நிலப்பரப்புக்கு நகர்த்தும் கட்டளை முதல் வகை. அந்த நேரத்து உயரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். பிறகு நிலத்தை அரை மீட்டர் தாழ்த்தினால் மரங்கள் அந்தரத்தில் நிற்கும். நான் பயன்படுத்துவது இரண்டாம் வகை. நிலம் மாறினால் இணைத்த பொருள்களும் கூடவே ஏறி இறங்கும்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதற்கும் முன்பே ஒரு தடை உண்டு. நம் நில அளவையாளர் தரும் புள்ளிகள் ஹார்டபீஸ்ட்ஹுக் 94 என்ற நாட்டின் நில அளவை ஆதாரத்தில், டர்பனுக்கு லோ 31 அச்சில் (31 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை நடுக்கோடாகக் கொண்டது) இருக்கும். அதில் ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும். அப்படியே ஏற்றினால் மனை 180 டிகிரி திரும்பி விழும். இரண்டு எண்களையும் எதிர்க்குறியாக்கினால் சரியாகிவிடும். எக்ஸ் மதிப்பு 33 லட்சம் மீட்டரைத் தாண்டுவதால், மனையின் ஒரு மூலையைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்வதும் அவசியம். இல்லையேல் முப்பரிமாணக் காட்சி நடுங்கும்.

இனி, ஒரு மாமரத்தை இணைப்பதில் நான் செய்த தவறுக்கு வருகிறேன். ஒரு கோயில் வளாகத்தில் முதியோருக்காகச் சாய்தளம் அமைக்க வேண்டியிருந்தது. இங்குள்ள கட்டட விதிகளின்படி அது 1:12 சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. சாய்தளத்தை நிலத்தின் மேல் படியவிட்டால் மேடு பள்ளமெல்லாம் அதிலும் வந்துவிடும். எனவே அதை நிலத்தை மாற்றும் பொருளாகவே வரைந்தேன். சாய்தளம் உயரத்தை நிர்ணயிக்கும், நிலம் அதற்குப் பணியும். அது சரியாகவே வந்தது. மரங்களில்தான் தவறினேன். பழைய மரங்கள், புதிய செடிகள் அனைத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, திட்டமிட்ட நிலப்பரப்போடு, அதாவது வெட்டி நிரப்பிய பிறகு நிலம் இருக்கப்போகும் மட்டத்தோடு, இணைத்துவிட்டேன்.

வெட்டுமுகப் படம் அழகாக இருந்தது. கோயில் பெரியவர் ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மாமரத்தடியில் கல் பீடம் இருக்கிறதே, அது எங்கே?" என்று கேட்டார்.

"படத்தில் காட்டவில்லை, தாத்தா" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கியது. அந்த இடத்தில் 60 செ.மீ. மண் நிரப்புவதாகத் திட்டம். இணைத்த மரம் கீழ்ப்படிந்து அந்த 60 செ.மீ. மேலே ஏறி நின்றுகொண்டது. உண்மையில் மாமரம் ஏறாது, புதையும். மரத்தின் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதன் மேல் மண் கொட்டினால் வேருக்குக் காற்று போகாது, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகக்கூடும். படத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை. சாய்தளத்தின் ஒரு திருப்பத்தைத் தள்ளி வைத்து, மரத்தைச் சுற்றிப் பழைய மட்டத்தையே காப்பாற்றினோம்.

அன்றிலிருந்து, மனையில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை எல்லாம் இப்போதுள்ள நிலப்பரப்போடு மட்டுமே இணைக்கிறேன். திட்டமிட்ட பரப்பு அவற்றின் அடிமரத்தை மூடுகிறதா, வேரை வெளியே விடுகிறதா என்பது அப்போது உடனே கண்ணில் படும். இந்த வசதியால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான். இரண்டு பரப்புகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள முடியாத மென்பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செடிப் பாத்திகளிலும் நல்ல பயன் உண்டு. மேலிருந்து பார்க்கையில் 100 சதுர மீட்டராகத் தெரியும் பாத்தி, 1:2 சரிவில் உண்மையில் ஏறக்குறைய 112 சதுர மீட்டர். மண்ணரிப்பைத் தடுக்கும் சணல் வலையும் மூடாக்கும் அந்தக் கணக்கில்தான் வாங்க வேண்டும். நிலத்தோடு இணைந்த பாத்தி இந்த அளவைத் தானே தருகிறது.

பெஞ்சுகள் தொல்லை. அவை தம் நடுப்புள்ளியின் உயரத்தையே எடுத்துக்கொள்கின்றன. 1:5 சரிவின் போக்கிலேயே வைத்த 1.8 மீட்டர் பெஞ்சின் ஒரு முனை 18 செ.மீ. புதைந்தும் மறுமுனை அதே அளவு தொங்கியும் நிற்கும். அடியில் சிறு சமதளம் வரைந்துவிட்டுத்தான் பெஞ்சை இணைக்க வேண்டும்.

தடுப்புச் சுவரிலும் கவனம் தேவை. முக்கோண வலையாலான நிலமாதிரியில் ஒரு புள்ளிக்கு ஓர் உயரம்தான் இருக்க முடியும். இங்கே பரவலாகக் காணும் லோஃபல்ஸ்டைன் சுவர் (மண் நிரப்பி அடுக்கும் கான்கிரீட் கட்டைகளால் ஆனது) பின்னோக்கிச் சாய்ந்தே எழும்புவதால் சிக்கலில்லை. செங்குத்துச் சுவராக இருந்தால், அதன் மேல்கோட்டையும் அடிக்கோட்டையும் ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வரைகிறேன். நூற்றுக்கணக்கான செடிகள் இணைந்த கோப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினி திணறும் என்பதால், தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டு, அச்செடுக்குமுன் ஒரு முறை நானே புதுப்பிக்கிறேன்.